மஞ்சள் சால்வைக்காரி

பிப்ரவரி 6

அன்புள்ள சின்னக் கரப்பானுக்கு,

பெரிய கரப்பான் எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், பாப்பா மூவரும் சௌக்கியம். என் முட்டி மட்டும் மாடிப்படி ஏறும்போது தனியாக ஏதோ புலம்புகிறது. உன் குதிகால் எப்படி இருக்கிறது? ஐஸ் வைக்கிறாயா, இல்லை வழக்கம்போல் ‘தானா சரியாயிடும்’தானா?

போனில் பேசக் கூடாதா என்று கேட்டிருந்தாய். பேசலாம். உன் அத்தான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறாரே. நீ ஒரு வார்த்தை சொன்னால் அவர் மூன்று சொல்வார். நமக்குக் கடிதம்தான் சரி. நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை விலாசத்துக்கே எழுது, தபாலை நான்தான் வாங்குகிறேன்.

நேற்று பல் டாக்டரிடம் போயிருந்தேன். உனக்குப் புரிந்திருக்கும். இந்த ஊரில் நவீன நடனம் என்று எந்தக் குழு வந்தாலும் எனக்குப் பல் வலி வந்துவிடும். உன் அத்தானுக்கும் மெல்லச் சந்தேகம் வந்திருக்கிறது. “இவ்ளோ பல்லைப் பார்த்தும் கடலையை மட்டும் நல்லாக் கடிக்கிறியே?” என்கிறார்.

நேற்று ஆடியவன் ஒரே ஆள், கூட ஒரு நாற்காலி. அதைத் தலையில், முதுகில், ஒரு காலில் என்று தூக்கிக்கொண்டே அலைந்தான். கீழே வைக்கவே இல்லை. கடைசியில் மெதுவாக வைத்துவிட்டு, அதில் உட்காராமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவ்வளவுதான் ஆட்டம். ஏன்டி அழறே என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

என் வலது கை வழக்கம்போல் சும்மா இருக்கவில்லை. கால் வலிக்கிற நாளில் டான்ஸ் மாஸ்டர் நம்மிடம் சொல்வாரே, “உக்காந்துக்க, ரெண்டு விரலைக் காலா வெச்சுக்கிட்டு மடியில ஆடு” என்று? அந்தப் பழக்கம் என்னை விடவே இல்லை. மேடையில் யார் ஆடினாலும் என் மடியில் இரண்டு விரல் கூட ஆடும். பக்கத்து சீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா, அரிக்குதா?” என்று கேட்டார்.

வீட்டிலும் கடையிலும் ஏன் மறைக்கிறேன் என்று நீ திட்டுவாய். நான் நாலு பேர் சிரித்ததற்கு ஆட்டத்தையே விட்டவள் இல்லையா? சின்ன வயதில் மேடையில் நாம் மல்லாந்து படுத்துக் கைகாலைத் தூக்கியதும் பெரியப்பா சபையில் கத்தினாரே, “கரப்பான் கவுந்துடுச்சு, யாராச்சும் நிமித்தி விடுங்கப்பா!” என்று. நான் எழுந்து ஓடினவள்தான், திரும்ப மேடைப் பக்கம் போகவில்லை. நீ அங்கேயே கிடந்து இன்னும் ரெண்டு தரம் காலை ஆட்டிக் காட்டினாய். அன்றைக்கே தெரிந்துவிட்டது, நம் இருவரில் யார் நடனக்காரி என்று.

உங்கள் குழு எப்போது இந்தப் பக்கம் வரும்? பல் வலியைத் தயாராக வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்,
பெரிய கரப்பான்

---

மார்ச் 11

அக்கா,

நான் நலம். குதிகால் பாதி நலம். உன் முட்டியைச் சும்மா விடாதே, டாக்டரிடம் காட்டு. பல் டாக்டரிடம் அல்ல.

உன் கடிதம் இரண்டு ஊர் சுற்றி என்னிடம் வந்தது. நாங்கள் இப்போது ஒரு பழைய கிடங்கில் ஒத்திகை பார்க்கிறோம். முன்பு சிமென்ட் மூட்டை அடுக்கியிருந்தார்களாம். தரையில் ஒரு தரம் புரண்டால் பத்து வயது கூடித் தலை நரைத்து எழுகிறோம்.

செய்தி இதுதான். எனக்குத் தனி ஆட்டம் கொடுத்திருக்கிறார்கள். முதல்தடவை. பஸ்ஸுக்காகக் காத்திருக்கிற ஒருத்தி. அதில் ஓர் இடத்தில் சபையின் விளக்குகளையெல்லாம் போட்டுவிடுவார்கள். நான் எதிரே இருக்கிறவர்களைப் பார்க்க வேண்டும். யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்கும் விதத்தை, கையை, கழுத்தைப் பிடித்து அதையே ஆட வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆள். தூங்குகிறவர், நகம் கடிக்கிறவர், யார் கிடைத்தாலும் சரி.

எனக்கு இன்னும் அந்தப் பழைய வியாதி போகவில்லை. எதிரே நிற்பவரைப் பார்த்து ஆடினால் கை மாறிவிடுகிறது. அவர் இடது கையைத் தூக்கினால் நான் வலது கையைத் தூக்குகிறேன். மாஸ்டர், “நீ என்ன நிலைக்கண்ணாடியா?” என்று மண்டையில் குட்டுவாரே, அதேதான். இப்போது குட்ட ஆளில்லை, டைரக்டர் முறைக்கிறார்.

ஜூனில் உன் ஊர். அத்தானைக் கூட்டிக்கொண்டு வா. கடையிலும் சொல்லு, ஆடறது என் தங்கச்சின்னு. சும்மா ஒரு தடவை வாயால் சொல்லிப் பாரேன், வலிக்காது.

இத்துடன் ஒரு மஞ்சள் சால்வை வைத்திருக்கிறேன். கடையில் அந்த மஞ்சளில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போட்டுக்கொண்டு வா, மேடையிலிருந்து பார்த்தால் உடனே தெரியும்.

பாப்பாவுக்கு முத்தம்.
சின்னக் கரப்பான்

---

ஏப்ரல் 2

என் கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தைக் கடையின் பின்பக்கம் லென்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்று படித்தேன். தனி ஆட்டம்! அங்கேயே ஒரு சுற்று சுற்றியிருப்பேன், இடம்தான் இல்லை. அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் எழுத்துப் பலகையை இளித்துக்கொண்டே காட்டினேன். ஒரு பெரியவர், “நான் தப்பாப் படிக்கிறேனாம்மா, சிரிக்கிறியே?” என்று நொந்துகொண்டார்.

சால்வை வந்தது. பாப்பா அதைப் போர்த்திக்கொண்டு வாழைப்பழம் என்று சொல்லித் திரிகிறாள். பிடுங்கி பீரோவில் வைத்திருக்கிறேன்.

இன்னொரு விசேஷம். உங்கள் போஸ்டரை அரங்கத்து ஆள் கொண்டுவந்து எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டக் கேட்டான். முதலாளி சரி என்றார், பதிலுக்குக் கடைக்கு நாலு பாஸ் தருவானாம். அந்தப் படத்தில் இருப்பது நீதான். முதுகு மட்டும்தான் தெரிகிறது, ஆனால் உன் முதுகு எனக்குத் தெரியாதா? எங்கள் லென்ஸ் அண்ணன் அதைத் தலை சாய்த்துப் பார்த்துவிட்டு, “முதுகு வலி மருந்து விளம்பரமா?” என்றார். லென்ஸ் தேய்க்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் இவருக்கு இதே வேலை, மனுஷன் மோசமில்லை. கேஷியர் அம்மா பெரிய கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “பாவம், என்னத்தையோ தேடற மாதிரி இருக்கு” என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அதற்குள் ஒரு கஸ்டமர் வந்துவிட்டார்.

ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறதே, சொல்லிவிடுவேன். அத்தானிடம் நீ வருவதைச் சொன்னேன். “சரி சரி, முன்னாடி வரிசை வேணாம், மேல வந்து விழுந்துடப் போறா” என்றார். அவர் அப்படித்தான், உனக்குத் தெரியாததா?

நேரத்துக்குச் சாப்பிடு.
பெரிய கரப்பான்

---

மே 19

அக்கா,

நலமா? நான் நலமாகத்தான் இருக்கிறேன், ராத்திரியில் தூக்கம்தான் வரவில்லை.

இத்துடன் மூன்று பாஸ். மூன்றாம் வரிசை, நடு. அத்தான், நீ, பாப்பா.

வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, உன்னிடம்தானே சொல்கிறேன். சபை விளக்கு எரிகிற அந்த இடம் எனக்குப் பயமாக இருக்கிறது. இருட்டில் ஆடுவது வேறு. இதில் எல்லா முகமும் தெரியும், நம்மையும் எல்லோரும் பார்ப்பார்கள். போன வாரம் ஓர் ஊரில் யாரையும் பிடிக்க முடியாமல் மரம் மாதிரி நின்றுவிட்டேன். டைரக்டர், “இன்னொரு தரம் இப்படின்னா வேற ஆளைப் போட்டுடுவேன்” என்று சொல்லிவிட்டார். அடுத்தது உன் ஊர்தான். விளக்கு எரிந்ததும் முதலில் உன்னைத்தான் தேடுவேன். மஞ்சளைப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் நான் பார்த்துக்கொள்வேன்.

ஆட்டத்தில் உனக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். இப்போது சொல்ல மாட்டேன், பார்த்தால் உனக்கு மட்டும் தெரியும்.

கடையில் சொல்லிவிட்டாயா?

சி. க.

---

ஜூன் 30

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலத்துக்கு எழுதவும்.

உன் நிகழ்ச்சிக்கு வர முடியாமல் போய்விட்டது. கிளம்புகிற நேரத்தில் பாப்பாவுக்கு உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. அத்தானுக்கும் அன்று வெளி வேலை, யார் வீட்டிலோ ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கப் போய்விட்டார். குழந்தையை அப்படியே விட்டுவிட்டு எப்படி வருவது? இப்போது சரியாகிவிட்டது. உடனே எழுதியிருக்க வேண்டும். கடையில் வேலை அதிகம், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணாடி.

நிகழ்ச்சி நன்றாக நடந்ததாகக் கடையில் சொன்னார்கள். அவர்களெல்லாம் போயிருந்தார்கள்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா

---

ஜூலை 14

அக்கா,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதில் சந்தோஷம். நான் நலம்.

நீ வராததால் அன்று நடந்ததை எழுதுகிறேன், உனக்குத் தெரிந்திருக்காதே.

பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் நின்று நின்று கால் மடங்கி, உட்கார்ந்து, கடைசியில் மல்லாந்து விழுவாள். கையும் காலும் மேலே. நாம் சின்ன வயதில் செய்த அதேதான். அதுதான் உனக்காக வைத்தது. ஆனால் இவள் எழுந்து ஓட மாட்டாள். அப்படியே கிடப்பாள், எவ்வளவு நேரமானாலும். பிறகு தலையைத் தூக்கிச் சபையைப் பார்ப்பாள். அப்போதுதான் விளக்குகள் எரியும்.

உன் ஊரில் நான் விழுந்ததும் மூன்றாம் வரிசையிலிருந்து ஓர் ஆள், “மருந்தடிச்ச கரப்பான் மாதிரி கெடக்குதே!” என்றார். உங்கள் கடை ஆட்கள்தான் என்று நினைக்கிறேன், ஒருவர் சட்டைப் பையில் உன் கடைப் பெயர் போட்ட கண்ணாடிக்கூடு இருந்தது. வரிசையே குலுங்கியது. விளக்கு எரிந்தது. நான் மஞ்சளைத் தேடினேன். இருந்தது.

அந்த மஞ்சள் சால்வை போட்ட பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தாள், அக்கா. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்களா என்று கடைக்கண்ணால் பார்த்து, அவர்கள் சிரித்ததும் இன்னும் கொஞ்சம் சிரித்தாள். உன்னை மாதிரியே இருந்தாள். சால்வையை யாருக்காவது இரவல் கொடுத்தாயா?

நான் நின்றுவிடவில்லை. பின் வரிசையில் ஒரு தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார், அவரைப் பிடித்து ஆடிவிட்டேன். டைரக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

முடிந்ததும் மேக்கப்பைக்கூடத் துடைக்காமல் முன்வாசலில் நின்றேன். வாசல் விளக்குகளை அணைக்கிற வரை நின்றேன். நீதான் வரவில்லையே, எனக்கு அது தெரியவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

---

ஜூலை 29

என் அருமைத் தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆமாம், சால்வையை இரவல் கொடுத்தேன். கேஷியர் அம்மாவுக்கு. அரங்கத்தில் ஏசி குளிரும் என்றார், கொடுத்துவிட்டேன். உன் பாஸையும் கொடுத்தேன். அவர் உயரமும் என் உயரமும் ஒன்றுதான்.

சிரித்தது தப்பு. பெரிய தப்பு. நானே அவரிடம் கேட்டேன், “ஏங்க அப்படிச் சிரிச்சீங்க?” என்று. அவர் சொன்னார், “எனக்குச் சிரிப்பே வரல. பக்கத்துல இருந்தவர் ‘கரப்பான்’னு சொன்னதும் எனக்கு உள்ளங்காலெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் மட்டும் சிரிக்கலைன்னா, உனக்கென்ன இதுல இவ்ளோ அக்கறைன்னு என்னைத் திரும்பிப் பார்ப்பாங்களேன்னு பயம். வாய் தானா இளிச்சிடுச்சு. விளக்கு வேற போட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு என்னையே பார்த்தா. கையை எடுக்கவும் முடியல, சிரிப்பை நிறுத்தவும் முடியல. நிறுத்தினா அழுதிருப்பேன்” என்றார்.

முன்வாசலில் ஏன் நிற்கவில்லை என்றும் கேட்டேன். பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டாராம், மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல். வீடு வரைக்கும் நடந்தே போனாராம், இரண்டு பஸ் வந்தும் ஏறாமல்.

அவரை மன்னித்துவிடு. கெட்ட மனசில்லை. கோழை, அவ்வளவுதான்.

பாப்பா உன்னைக் கேட்கிறாள். சால்வையைத் துவைத்து உள்ளே வைத்துவிட்டேன்.

உன் அக்கா

---

செப்டம்பர் 8

அக்கா,

நலம்தானே? பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

கேஷியர் அம்மாவிடம் நீ ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

உன் ஊருக்கு அடுத்த ஊரில் சபை விளக்கு எரிந்தபோது நான் யாரையும் பார்க்கவே இல்லை. என் மனசில் அந்த மஞ்சள் சால்வைதான் இருந்தது. அதையே ஆடினேன். வாயைப் பொத்துவது, கடைக்கண்ணால் பக்கத்து ஆளைப் பார்ப்பது, உத்தரவு கிடைத்த மாதிரி இன்னும் கொஞ்சம் சிரிப்பது. சபை விழுந்து விழுந்து சிரித்தது, கைதட்டல் நிற்கவில்லை. டைரக்டர் ஓடி வந்து, “இதான்! இனிமே யாரையும் தேடாதே, இதையே வெச்சுக்க” என்றார். அன்றிலிருந்து எல்லா ஊரிலும் அதையே ஆடுகிறேன். பேப்பர்க்காரர்கள் அதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

கோபத்தில்தான் செய்தேன். அந்தச் சால்வைக்காரிக்கு நன்றாக வேண்டும் என்றுதான் செய்தேன். முதல் இரண்டு ஊரில் எனக்கு அவ்வளவு இனித்தது. அப்புறம் உன் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு ஆடப் போனேன், சபை சிரித்ததும் எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. பெரியப்பா செய்ததற்கும் நான் செய்கிறதற்கும் என்ன வித்தியாசம்? அவர் ஒரே ஒரு தரம் சிரிக்க வைத்தார். நான் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சிரிக்க வைக்கிறேன்.

வேண்டாம் என்று கேஷியர் அம்மா ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துவிடுகிறேன். டைரக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். கேட்டு எழுது.

நவம்பரில் உன் பக்கத்து ஊருக்கு வருகிறோம். வரச் சொல்லவில்லை, சும்மா தெரிவிக்கிறேன்.

உன் தங்கை

---

அக்டோபர் 12

அக்கா,

பதில் இல்லை. எல்லோரும் சௌக்கியமா? இரண்டு வரியாவது போடு. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை என்றால் பாப்பாவை ஏதாவது கிறுக்கச் சொல்லி அனுப்பு.

தங்கை

---

நவம்பர் 23

அன்புள்ள சின்னக் கரப்பானுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் குதிகாலில் கட்டு போட்டிருக்கிறாய், பார்த்தேன். இடுப்பும் இளைத்திருக்கிறது.

ஆமாம், பக்கத்து ஊருக்கு வந்தேன். எப்படி வந்தேன் என்பதை முதலில் சொல்கிறேன்.

உன் போஸ்டர் இத்தனை மாதமும் எங்கள் கடைக் கண்ணாடியில்தான் இருந்தது, வெயிலில் வெளுத்து. போன மாதக் கடைசியில் லென்ஸ் அண்ணன் ஸ்க்ரேப்பரை எடுத்துக்கொண்டு, “இந்தக் கரப்பானைச் சுரண்டிடவா?” என்று கேட்டார். கடையில் இரண்டு கஸ்டமர்கள், முதலாளி, எல்லோரும் இருந்தார்கள். நான், “அதுல கை வைக்காதீங்க, அது என் தங்கச்சி” என்றேன். சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. கண் பரிசோதனையில் இருந்தவர் தாடையை மெஷினிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

லென்ஸ் அண்ணன் ஸ்க்ரேப்பரைக் கீழே வைத்துவிட்டார். “அடப்பாவமே! மொதல்லயே சொல்லியிருந்தா நான் வாயைத் தெறந்திருப்பேனா? என்னம்மா நீ, மனுஷனை இப்படிப் பண்ணிட்டியே!” என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் லென்ஸையே தேய்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் முன்னால் மானம் போய்விடும் என்றுதான் நான் அத்தனையும் செய்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதுமாயிருந்திருக்கிறது.

அன்று வீட்டில் பல் டாக்டர் சமாச்சாரத்தையும் உடைத்துவிட்டேன். உன் அத்தான், “அது எனக்கு எப்பவோ தெரியும். பல்லு பிடுங்கிட்டு வர்றவ பாத்திரம் தேய்க்கும்போது டான்ஸா ஆடுவா?” என்றார்.

பிறகு நானும் கேஷியர் அம்மாவும் பஸ் ஏறி வந்தோம். நீ என்னைப் பார்த்திருக்க மாட்டாய். மாடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சபை விளக்கு அங்கே எட்டாது என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

நீ விழுந்தாய். கிடந்தாய். விளக்கு எரிந்தது. வாயைப் பொத்தினாய், கடைக்கண்ணால் பார்த்தாய், சிரித்தாய். சபை அதிர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்காவது ஒரு பள்ளம் இருந்தால் இறங்கியிருப்பேன். ஆனால் எழுந்து ஓடவில்லை, அதையாவது என் கணக்கில் எழுதிக்கொள். கடைசி வரை இருந்தேன்.

கேஷியர் அம்மா சிரிக்கவில்லை. அவரைப் பற்றி உனக்கு நான் சொல்லியே ஆக வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது சொன்னார், “அன்னிக்கும் நான் சிரிக்கலையே. பஸ்ஸுக்குக் காத்துக் காத்து விழறவளைப் பார்த்து எனக்கு என் ஞாபகம் வந்துடுச்சு. உன்கிட்ட சொல்லணும்னு திரும்பினேன். நீ இருந்த இருப்பைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டேன். இத்தனை நாள் நான்தான் புரியாதவளோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார். முன்வாசலில் உன்னிடம் வந்து உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாரே பெரிய கண்ணாடி போட்ட அம்மா, அவர்தான். அவரிடம் எந்தக் காலத்திலும் மஞ்சள் சால்வை இருந்ததில்லை.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். நீ அவர் தோளுக்கு மேலாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். நாலு எட்டு வைத்தால் உன்னிடம் வந்திருக்கலாம், கால் வரவில்லை. அடுத்த ஊர் எதுவானாலும் எனக்கு மூன்றாம் வரிசையில் ஓர் இடம் போடு. நடுவில். அத்தான் பக்கத்து சீட் தனக்கு என்கிறார், நீ விழுந்தால் பிடித்துக்கொள்வாராம்.

நீ கேட்டதற்குப் பதில்: எடுக்காதே. டைரக்டர் சொன்னது சரி, அந்த இடம் நன்றாக இருக்கிறது. எனக்குக் கோபமில்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. ஒன்றாக ஆடக் கற்றவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். நீ வலது கையால் வாயைப் பொத்துகிறாய். பழைய நிலைக்கண்ணாடி வியாதி, எதிரே பார்த்ததில் கை மாறிவிட்டது. பொத்தியது இடது கை.

வலது கை சால்வைக்கு அடியில், மடியில், உன்னோடு ஆடிக்கொண்டிருந்தது. நீ விழுந்தபோது அதுவும் விழுந்து இரண்டு விரலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. விளக்கு எரிந்தபோதும் அது அப்படியேதான் கிடந்தது. மேடையிலிருந்து உனக்கு அது தெரிந்திருக்காது. முடிந்தால் அதையும் சேர்த்துக்கொள்.

பெரிய கரப்பான்